அலுவலக உடையில் சைக்கிள்: வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்குத் தண்டையார்பேட்டையில் வீடு, ராஜாஜி சாலைப் பக்கம் அலுவலகம். இடையில் நான்கரை கிலோமீட்டர். பதினொரு ஆண்டுகளாக இந்தத் தூரத்தைச் சைக்கிளில்தான் கடக்கிறேன், பெரும்பாலும் வெளிர் நிறச் சட்டையும் இஸ்திரி போட்ட பேண்ட்டுமாக. லிஃப்டுக்குக் காத்திருக்கும்போதும் டீக்கடையிலும் சைக்கிள் கடை வாசலிலும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன்.

உண்மையாகவே துணியில் அழுக்குப் படாமல் போக முடியுமா?

முடியும். ஆனால் வண்டி சுத்தமாக இருக்க வேண்டும். சாலையில் புழுதி, லாரிப் புகை, சாக்கடைத் தண்ணீர் என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். என் அனுபவத்தில் துணியைக் கெடுக்கும் கறைகளில் பாதிக்கு மேல் சாலையிலிருந்து வந்தவை அல்ல, சொந்த வண்டியிலிருந்து வந்தவை. செயினிலிருந்து மசி, மட்கார்டு இல்லாத சக்கரத்திலிருந்து சேறு, நனைந்த சீட்டிலிருந்து கறுப்புச் சாயம். இந்த மூன்றையும் அடக்கிவிட்டால் மீதியைச் சமாளிப்பது எளிது.

என் தாத்தா பின்னி மில்லில் குமாஸ்தா. பெரம்பூர்ப் பக்கம் இருந்த அந்த பக்கிங்காம் - கர்நாடிக் மில்லை 1996-இல் மூடிவிட்டார்கள். அவர் வேலையில் இருந்த காலம் முழுவதும் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் சைக்கிளில் போய்வந்தவர். அவருடைய சீட்டுக்கு அடியில், ஸ்பிரிங்குக்கு நடுவே, நான்காக மடித்த பழைய பனியன் துணி ஒன்று எப்போதும் செருகியிருக்கும். காலையில் அதை உருவி, சீட்டை ஒரு துடை, ஹேண்டில்பாரை ஒரு துடை, செயின் கவரின் விளிம்பை ஒரு துடை. பிறகுதான் வண்டியில் கை வைப்பார். அந்தத் துணியில்தான் முழு ரகசியமும் இருக்கிறது என்று இப்போது எனக்குப் புரிகிறது.

எந்த சைக்கிள் வாங்குவது நல்லது?

முழு செயின் கவர், முன்னும் பின்னும் முழு நீள மட்கார்டு, பின்னால் கேரியர், நிமிர்ந்து உட்காரும்படி உயர்ந்த ஹேண்டில்பார். இந்த நான்கும் உள்ள சாதாரண வண்டியை வாங்குங்கள். பால்காரரும் தபால்காரரும் ஓட்டிய அந்தப் பழைய மாதிரிதான். அரைக் கவர், அதாவது செயினின் மேல்பக்கத்தை மட்டும் மறைக்கும் தகடு, போதாது. செயினை முழுக்கப் பெட்டிபோல மூடியிருக்க வேண்டும்.

நிமிர்ந்து உட்காருவதும் துணிக்கு நல்லது. குனிந்து ஓட்டினால் சட்டையின் பின்பக்கம் பேண்ட்டிலிருந்து வெளியே வந்துவிடும், அக்குளில் இறுக்கும், முன்பக்கம் பட்டன்களுக்கிடையே குறுக்கு மடிப்பு விழும். நிமிர்ந்து உட்கார்ந்தால் நாற்காலியில் உட்கார்ந்த அளவுக்குத்தான் கசங்கும்.

புதிதாக வாங்குமுன் வீட்டு மாடிப்படிக்கு அடியில் ஒருமுறை பாருங்கள். பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளைகளுக்கு அரசு தரும் விலையில்லா மிதிவண்டி நம் பக்கம் எத்தனையோ வீடுகளில் காற்றிறங்கிக் கிடக்கிறது. மட்கார்டு, கேரியர் எல்லாம் அதிலேயே இருக்கும். சைக்கிள் கடையில் ஓவராயிலிங் செய்து, டயரும் டியூபும் மாற்றினால் அலுவலகத்துக்கு அதைவிடப் பொருத்தமான வண்டி கிடையாது. சைக்கிள் நம் ஊர்ப் பொருளும்கூட. 1949-இல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் அம்பத்தூரில்தான் தொழிற்சாலை வைத்து ஹெர்குலிஸ் வண்டிகளைச் செய்தது.

என்னிடம் கியர் சைக்கிள்தான் இருக்கிறது. என்ன செய்வது?

பின்பக்கம் பல கியர்கள் இருக்கும் வண்டியில் முழு செயின் கவர் பொருந்தாது, செயின் பக்கவாட்டில் நகர வேண்டுமே. அதனால் செயினைச் சுத்தமாக வைப்பதும் பேண்ட்டின் வலது காலைக் கட்டுவதும் உங்களுக்குக் கட்டாயம். பிளாஸ்டிக் மட்கார்டுகள் தனியாகக் கிடைக்கின்றன, அவற்றை மாட்டுங்கள். சீட்டுத் தண்டில் செருகும் குட்டைத் தகடு முதுகை மட்டும் காப்பாற்றும், காலணியைக் காப்பாற்றாது. முன் மட்கார்டின் நுனியில் ஒரு ரப்பர் தொங்கல் வைத்து, அது தரையிலிருந்து நான்கு விரற்கடை உயரம் வரை இறங்கும்படி செய்தால் பேண்ட்டின் கீழ்ப்பகுதியில் சேறு தெறிப்பது மிகவும் குறைந்துவிடும். பழைய டியூபை வெட்டி நானே செய்தேன், நான்கு ஆண்டுகளாக உழைக்கிறது.

செயினுக்கு எண்ணெய் விடாமல் இருந்தால் மசி படாதுதானே?

இது தவறான யோசனை. எண்ணெயில்லாத செயின் துருப்பிடிக்கும், கிறீச்சிடும், நம் கடலோரக் காற்றில் இரண்டே வாரத்தில் செம்மண் நிறமாகும். எண்ணெய் வேண்டும், ஆனால் செயினுக்கு உள்ளே மட்டும் வேண்டும். வெளிப்பக்கம் நிற்கும் எண்ணெய்தான் புழுதியையும் இரும்புத் துகளையும் பிடித்து மையாக மாறுகிறது.

ஞாயிற்றுக்கிழமை இரவு நான் செய்வதைச் சொல்கிறேன். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, பழைய பனியன் துணியில் செயினை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பெடலைப் பின்பக்கமாகச் சுற்றுவேன். முதல் சுற்றில் துணியில் தார் போல ஒரு கோடு விழும். துணியை மடித்துச் சுத்தமான பக்கத்தைக் காட்டி இன்னொரு சுற்று. கோடு சாம்பல் நிறமாகும்வரை இப்படியே. பிறகு தையல் இயந்திரத்துக்கு விடும் மெல்லிய எண்ணெயை ஒவ்வொரு கண்ணியின் உருளைமீதும் ஒரு சொட்டு. ஒரு சொட்டுதான். இரவு முழுவதும் அது உள்ளே இறங்கட்டும். திங்கள் காலையில் இன்னொரு துணியால் வெளிப்பக்கத்தை நன்றாகத் துடைத்துவிட வேண்டும். அதன்பின் விரலால் தொட்டால் லேசான பளபளப்பு மட்டும் ஒட்டும், கறுப்பு ஒட்டாது. முழு செயின் கவர் உள்ள வண்டிக்கு மாதம் ஒருமுறை கடையில் கவரைக் கழற்றி இதைச் செய்தால் போதும்.

கிரீஸ் தடவ வேண்டாம். பைக் எஞ்சினிலிருந்து வடித்த பழைய எண்ணெயை ஊற்றுகிற கடைக்காரரிடம் அன்பாகவே மறுத்துவிடுங்கள். அது ஏற்கெனவே கறுப்பு.

பேண்ட்டின் காலை எப்படிக் காப்பது?

செயின் இருப்பது வலது பக்கம். மடிப்பின் உள்பக்கம்தான் மாட்டும். கவனித்துப் பாருங்கள், சைக்கிள் ஓட்டுகிறவர்களின் கறை எப்போதும் வலது காலின் உள்கணுக்காலில், பற்சக்கரத்தின் பல்வரிசை அச்சாகவே இருக்கும். ஓடும்போது பட்டதைவிட, ஏறும்போதும் சிக்னலில் காலை ஊன்றும்போதும் பட்டதுதான் அதிகம்.

துணியை உள்பக்கமாக இழுக்காமல் வெளிப்பக்கம் மடித்து, கணுக்காலுக்கு மேல் ஒரு பட்டையால் கட்டுங்கள். ஸ்டீல் பேண்ட் கிளிப் பழைய சைக்கிள் கடைகளில் இன்றும் கிடைக்கிறது. இல்லாவிட்டால் ஒட்டும் பட்டை, அதுவும் இல்லாவிட்டால் அகலமான எலாஸ்டிக். மெல்லிய ரப்பர் பேண்ட் வேண்டாம், துணியில் வரி விழும், காலும் மரத்துப்போகும். சாக்ஸுக்குள் பேண்ட்டைச் செருகுவது அவசரத்துக்கு உதவும், ஆனால் கசங்கும்.

வியர்வைதான் பெரிய பிரச்சினை. சென்னையில் எப்படி?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் செலவழிப்பேன். பலரும் சைக்கிளை விடுவது வியர்வையால்தான்.

முதலில் வேகம். மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் போதும். நான்கரை கிலோமீட்டருக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று நிமிடம். பதினெட்டில் போனால் ஏழெட்டு நிமிடம் மிச்சமாகும், சட்டை ஒன்று வீணாகும். பக்கத்தில் ஒருவர் முந்திப் போனால் விட்டுவிடுங்கள். பேசிக்கொண்டே ஓட்ட முடிகிறதா என்று பாருங்கள், மூச்சு வாங்கினால் வேகம் அதிகம்.

இரண்டாவது, முதுகில் பை கூடாது. துணியும் பையும் முதுகோடு ஒட்டிய இடத்தில் காற்று நுழையாது. எவ்வளவு மெதுவாகப் போனாலும் அந்த இடம் நனையும், நடு முதுகில் பையின் வடிவத்திலேயே ஈரத்திட்டு தெரியும். பையைக் கேரியரில் கட்டுங்கள் அல்லது முன்கூடையில் வையுங்கள். இந்த ஒரு மாற்றத்தால் மட்டுமே பாதி வியர்வை போய்விட்டதாக என் அலுவலகத் தோழி ஒருவர் சொன்னார்.

மூன்றாவது, நேரம். சித்திரை, வைகாசியில் காலை எட்டு மணிக்குமேல் வெயில் சுள்ளென்று இறங்கிவிடும். கடற்காற்று நண்பகலை ஒட்டித்தான் எழும், அதனால் காலையில் காற்றின் உதவியை எதிர்பார்க்க முடியாது. ஏழேகாலுக்குக் கிளம்புங்கள். மாலையில் நிலைமை வேறு. பாரிமுனையிலிருந்து வடக்கே திரும்பும்போது தென்கிழக்கிலிருந்து வரும் கடற்காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும். வீட்டுக்கு வரும்போது வியர்த்தால்தான் என்ன?

நான்காவது, இறங்கிய பிறகு பத்து நிமிடம். வண்டி ஓடும்போது காற்றில் வியர்வை உலர்ந்துகொண்டே வரும், நின்றவுடன்தான் பொங்கும். அதைப் பார்த்துவிட்டுத்தான் "எனக்கு ஒத்துவராது" என்று பலர் முடிவுசெய்கிறார்கள். கடைசி அரைக் கிலோமீட்டரை இன்னும் மெதுவாக ஓட்டுங்கள். நேராக ஏ.சி. அறைக்குள் போகாமல் நிழலில் நில்லுங்கள். முகம், பிடரி, முழங்கைவரை தண்ணீரில் கழுவி, ஈரத் துண்டால் துடைத்துவிட்டு, மின்விசிறிக்கு அடியில் பத்து நிமிடம் நின்றால் உடல் அடங்கிவிடும்.

உள்ளே கையில்லாத பருத்திப் பனியன் கட்டாயம். வெளிச்சட்டை வெள்ளை, வெளிர்நீலம், சிறு கட்டம். சாம்பல் நிறம் வேண்டவே வேண்டாம், ஒரு சொட்டு வியர்வைகூட அதில் கரும்புள்ளியாகத் தெரியும். கருநீலத்தில் ஈரம் தெரியாது, ஆனால் உலர்ந்தபின் உப்பு வெள்ளைக் கோடாகப் பூக்கும்.

கத்திரி வெயில் நாட்களில் இத்தனையும் போதாது. அந்த நாட்களில் நான் டி ஷர்ட்டில் போய் அலுவலகத்தில் சட்டை மாற்றுகிறேன். அதில் குறைவொன்றும் இல்லை.

சட்டையைக் கசங்காமல் எடுத்துப்போவது எப்படி?

மடிக்காமல் சுருட்டுங்கள். சட்டையின் பட்டன்களைப் போட்டு, முகம் கீழே இருக்கப் பரப்பி, கைகளை முதுகின்மேல் மடித்து, நடுவில் ஒரு மெல்லிய துண்டை வைத்து, கீழிருந்து காலர்வரை தளர்வாகச் சுருட்டி, பிளாஸ்டிக் பையில் போட்டால் போதும். பையின் மேற்பகுதியில் வையுங்கள். சோற்று டப்பாவோடு ஒரே அறையில் வைக்காதீர்கள். ரசம் ஒழுகிய சட்டையோடு ஒரு கூட்டத்தில் உட்கார்ந்திருந்தது இன்னும் நினைவிருக்கிறது.

இதைவிட நல்ல வழி, அலுவலகத்துக்கு அருகில் ஓர் இஸ்திரி வண்டிக்காரரைப் பழக்கப்படுத்திக்கொள்வது. மண்ணடி, பிராட்வே உட்தெருக்களில் தேடினால் கிடைப்பார்கள். வாரத் தொடக்கத்தில் ஐந்து சட்டைகளைக் கொடுத்துவிட்டால் தினமும் காலையில் ஒன்று, சூடு ஆறாமல் கைக்கு வரும்.

காலணி?

தோல் ஷூவை அலுவலக மேஜைக்கு அடியில் வைத்துவிட்டு, பின்பட்டை உள்ள செருப்பில் ஓட்டுங்கள். பல்வைத்த இரும்புப் பெடல் தோல் அடிப்பாகத்தை அரித்துவிடும்.

சேலையிலும் சுடிதாரிலும் ஓட்ட முடியுமா?

முடியும், தினமும் ஓட்டுகிறார்கள். என் அக்கா கொருக்குப்பேட்டையில் பள்ளி ஆசிரியை, இருபது ஆண்டுகளாகச் சேலையில்தான் லேடீஸ் சைக்கிள் ஓட்டுகிறார். நடுவில் குறுக்குக் கம்பி இல்லாத வண்டி, முழு செயின் கவர், பின் சக்கரத்தின் இரு பக்கமும் வலை. இந்த வலையைக் கடைகளில் டிரஸ் கார்டு, சாரி கார்டு என்று சொல்வார்கள். இது இல்லாமல் சேலையில் ஏற வேண்டாம். கறை ஒரு பக்கம் இருக்கட்டும், முந்தானை ஸ்போக்கில் சிக்கினால் ஆளையே இழுத்துத் தள்ளிவிடும்.

அக்கா சொல்லும் முறை இது. சேலையை வழக்கத்தைவிட இரண்டு விரற்கடை ஏற்றிக் கட்டவும். கொசுவத்தை முழங்காலுக்குச் சற்று மேலே உள்பக்கமாக ஒரே ஊக்கில் சேர்த்துக் குத்தவும், அப்போது பெடல் சுற்ற இடமிருக்கும், கொசுவமும் கலையாது. முந்தானையைத் தோளில் குத்தி, நுனியைச் சுற்றிக்கொண்டுவந்து இடுப்பில் செருகவும். பாவாடைக்குப் பதிலாக லெக்கிங்ஸ் போட்டால் காற்றுக்குப் பயப்பட வேண்டாம். பருத்திச் சேலை விறைப்பாக நிற்கும், வழுக்கும் செயற்கைப் பட்டுதான் தொல்லை.

சுடிதார் என்றால் கால் இறுக்கமானதே நல்லது. துப்பட்டாவை மட்டும் பையில் போட்டுவிடுங்கள். மார்பில் குறுக்கே முடிச்சுப் போட்டாலும் அவிழலாம். கழுத்தில் சுற்றிய துப்பட்டா சக்கரத்தில் சிக்குவது உயிருக்கே ஆபத்து. இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வடசென்னைப் புழுதியும் லாரியும் சட்டையை விட்டுவைக்குமா?

எந்த வழியாகப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ராயபுரத்தில் மொட்டை மாடியில் காயப்போட்ட வேட்டியில் கரித்தூள் படிந்த காலம் ஒன்று இருந்தது. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியையும் இரும்புத் தாதுவையும் இறக்கி ஏற்றுவதை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2011-இல் நிறுத்தினார்கள், அந்தச் சரக்கு எண்ணூருக்குப் போனது. ராயபுரத்துக்காரர்களின் துணி வெளுத்தது. எண்ணூர், மணலிப் பக்கத்தில் இருப்பவர்களின் மாடியில் இப்போது அந்தத் தூசி. இதை எழுதும்போது எனக்கு மனம் கனக்கிறது, ஒருவர் சட்டை வெளுக்க இன்னொருவர் சட்டை கறுக்க வேண்டியிருக்கிறதே.

எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகளோடு போகாதீர்கள். புழுதியைவிடப் பெரிய காரணம் பாதுகாப்பு. இடதுபக்கம் திரும்பும் லாரியின் இடப்புறத்தில் நீங்கள் நின்றால் ஓட்டுநரின் கண்ணுக்கே தெரிய மாட்டீர்கள். லாரிக்கு முன்னால் தெளிவாகத் தெரியும்படி நில்லுங்கள், அல்லது நன்றாகப் பின்தங்கிவிடுங்கள். கால் கிலோமீட்டர் கூடினாலும் பழைய வண்ணாரப்பேட்டை உட்தெருக்கள் மேல். அங்கே மீன்பாடி வண்டிகளும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் கூட்டமாக இருந்தாலும் எல்லோரும் நம் வேகத்தில்தான் போகிறார்கள்.

காசிமேட்டைத் தாண்டி வருகிறவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. காலையில் மீன் வண்டிகளின் பின்கதவிடுக்கிலிருந்து ஐஸ் கரைந்த நீர் ஒழுகிக்கொண்டே போகும். கறுத்த சாலையில் அது நேர்கோடாகத் தெரியும், நடுநடுவே செதில்கள் வெள்ளிப் பொட்டுகளாக மின்னும். அந்தக் கோட்டின்மேல் சக்கரம் ஏறினால் மட்கார்டு இருந்தும் ஓரிரு துளி காலில் படும், அதன் வாடை மதியம்வரை அறை முழுக்கத் தெரியும். பட்டுவிட்டால் உடனே பச்சைத் தண்ணீரில் கழுவுங்கள். வெந்நீர் ஊற்றக் கூடாது, மீன் நீரில் உள்ள புரதம் சூட்டில் துணியோடு இறுகிவிடும். பிறகு எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரில் ஒரு முறை அலசினால் வாடை போகும். மாலையில் சக்கரத்தையும் ஈரத்துணியால் துடையுங்கள், அந்த உப்புநீர் ரிம்மைத் தின்னும்.

மழைக்காலத்தில்?

மழைக்காலத்தில் அலுவலக உடையில் சைக்கிள் ஓட்டாதீர்கள். இது என் உறுதியான கருத்து. சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 140 சென்டிமீட்டர் மழை, அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. அந்த மூன்று மாதமும் அரைக்கால் சட்டையும் செருப்புமாகப் போய், உடையை இரட்டைப் பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்துச் செல்லுங்கள். ரெயின்கோட் மழையைத் தடுக்கும், ஆனால் உள்ளே வியர்வையில் நனைவீர்கள். இருபது நிமிடம் ஒரு கடை வாசலில் ஒதுங்கி நின்றால் பெரும்பாலான மழை தணிந்துவிடும்.

தேங்கிய தண்ணீருக்குள் வண்டியை விடாதீர்கள். கணேசபுரம் சுரங்கப்பாதையும் வியாசர்பாடி ஜீவா ரயில் நிலையப் பக்கமும் மழையில் எப்படி நிரம்பும் என்று நமக்குத் தெரியும். தண்ணீருக்கு அடியில் மூடி திறந்த பாதாளச் சாக்கடை இருக்கலாம். அந்தத் தண்ணீரும் வெறும் தண்ணீர் அல்ல. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்ப் படலம் எண்ணூர் வீடுகளுக்குள்ளேயே புகுந்தது, சுவரில் மார்பளவுக்குக் கறுப்புக் கோடு போட்டுவிட்டுப் போனது. அந்த மாதிரி எண்ணெய் பட்ட துணியை மீட்க முடியாது. முயலவும் வேண்டாம்.

நனைந்த சீட்டில் அப்படியே உட்காராதீர்கள். ரெக்சின் பழசாகியிருந்தால் கறுப்புச் சாயம் இறங்கும். ஜவுளிக்கடைப் பை ஒன்றைச் சீட்டில் மாட்டிவைத்தால் போதும்.

கறை பட்டுவிட்டது. இப்போது என்ன செய்வது?

முதலில் எதையும் தேய்க்காதீர்கள். பதற்றத்தில் ஈரக் கைக்குட்டையால் தேய்ப்பதுதான் சிறு கறையைப் பெரிதாக்குகிறது. என்ன கறை என்று பார்த்து நிதானமாக முடிவு செய்யுங்கள்.

செயின் மசி என்றால் தண்ணீர் காட்டவே கூடாது. மேலாக நிற்பதைக் கத்தி முதுகாலோ பழைய பஸ் டிக்கெட்டின் விளிம்பாலோ வழித்தெடுங்கள். அலுவலகத்தில் இருந்தால் முகப்பவுடரை அதன்மேல் தூவி விட்டுவிடுங்கள், தளர்ந்த எண்ணெயை அது உறிஞ்சும். வீட்டுக்கு வந்ததும் தேங்காயெண்ணெய் இரண்டு சொட்டு விட்டு விரலால் மெல்ல நீவுங்கள். எண்ணெய்க் கறைக்கு எண்ணெயா என்று என் மனைவியும் முதலில் நம்பவில்லை. காய்ந்து இறுகிய மசியை இளக்குவது இன்னோர் எண்ணெய்தான். பத்து நிமிடம் கழித்துப் பாத்திரம் கழுவும் திரவத்தை நேராக ஊற்றி, பழைய பல்துலக்கியால் வெளியிலிருந்து நடுவை நோக்கித் தேயுங்கள். துணிக்கு அடியில் வெள்ளைத் துணி ஒன்றை வைத்தால் மசி அதில் இறங்கும். வெதுவெதுப்பான நீரில் அலசி, தேவைப்பட்டால் மறுபடியும். கறை முழுக்கப் போகாமல் இஸ்திரி போட்டுவிடாதீர்கள், சூட்டில் அது நிரந்தரமாகிவிடும். நானே இப்படி ஒரு சந்தன நிறப் பேண்ட்டை இழந்திருக்கிறேன்.

நீலகிரித் தைலமும் மசியைக் கரைக்கும், செயற்கை இழைத் துணியில் மட்டும் முதலில் ஓரத்தில் தடவிப் பாருங்கள். மண்ணெண்ணெய் கறையை எடுத்துவிடும், வாடை நான்கு சலவைக்குப் போகாது.

சேறு என்றால் முறை நேரெதிர். காயவிடுங்கள். ஈரச்சேற்றைத் துடைத்தால் இழைக்குள் இறங்கும். காய்ந்தபின் தட்டி, பிரஷ்ஷால் தேய்த்தால் பெரும்பாலும் மண்ணாகவே உதிரும்.

கேரியர் கம்பியிலிருந்து துருக்கறை பட்டால் எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் அரைமணி நேரம் வைத்து அலசுங்கள், வெள்ளைத் துணிக்கு இது அருமையாகக் கேட்கும். பிளீச்சிங் பவுடர் மட்டும் கூடாது, துரு இன்னும் ஆழமாகப் பதிந்துவிடும்.

பேண்ட்டின் பின்பக்கம் பளபளவென்று தேய்ந்துபோகிறதே?

ஆமாம், அது தேயத்தான் செய்யும். சீட்டுக்குப் பருத்தி உறை போடுங்கள், இரண்டு பேண்ட்டையாவது மாற்றி மாற்றிப் போடுங்கள், தைக்கும்போதே டெய்லரிடம் உள்பக்கம் ஒட்டுத்துணி வைக்கச் சொல்லுங்கள்.

எவ்வளவு தூரம்வரை உடை மாற்றாமல் போகலாம்?

ஐந்து கிலோமீட்டர்வரை தயங்காமல். மார்கழி, தையில் ஏழுகூடச் சரிப்படும். அதற்குமேல் மாற்றுச் சட்டை எடுத்துச் செல்லுங்கள்.

சைக்கிளில் வந்தால் அலுவலகத்தில் மதிப்பார்களா?

இந்தக் கேள்வியைக் குரலைத் தாழ்த்தித்தான் கேட்பார்கள். ஒருமுறை ஒரு பெரிய கட்டடத்தில் கூட்டத்துக்குப் போயிருந்தேன். வாசலில் இருந்த காவலாளி, சைக்கிளுக்கு உள்ளே இடமில்லை, பின்பக்கம் சரக்கு இறக்கும் இடத்தில் விடுங்கள் என்றார். உள்ளே பைக்குகளுக்கு நடுவில் ஓர் ஆள் நிற்குமளவுக்கு இடைவெளி இருந்தது. "ஐயா, இதற்கு அந்த இடைவெளி போதும்" என்றேன். அவர் என் சட்டையைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், கொஞ்சம் யோசித்துவிட்டுத் தானே தள்ளிக்கொண்டுபோய் நிறுத்தினார். திரும்பும்போது, தானும் புளியந்தோப்பிலிருந்து சைக்கிளில்தான் வருவதாகவும், தன் வண்டி பின்பக்கம்தான் நிற்கிறது என்றும் சொன்னார். அவருக்கு அந்த இடைவெளியை யாரும் தரவில்லை என்பதுதான் எனக்கு உறுத்தியது. எங்கள் அலுவலகத்தில் சைக்கிள் நிறுத்தக் கூரையோடு இடம் கேட்டு எழுதிக் கொடுத்தது அதற்குப் பிறகுதான். ஒன்பது மாதம் கழித்துக் கிடைத்தது. இன்று அங்கே ஏழு வண்டிகள் நிற்கின்றன, அதில் இரண்டு துப்புரவுப் பணியாளர்களுடையவை, ஒன்று எங்கள் பிரிவு மேலாளருடையது.

ஹெல்மெட் போட்டால் தலைமுடி கலைந்துவிடுமே?

சீப்பு ஒன்றைப் பையில் போடுங்கள். ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள்.

எந்த நாளில் தொடங்கலாம்?

ஞாயிற்றுக்கிழமை. அலுவலகம் போகும் அதே நேரத்துக்கு, அதே வழியில், பழைய உடையில் ஒருமுறை போய்வாருங்கள். எந்த இடத்தில் சாக்கடைத் தண்ணீர் வழிகிறது, எந்த ரயில்வே கேட் எவ்வளவு நேரம் மூடிக்கிடக்கிறது, எந்த மரத்தடியில் காக்கைகள் உட்கார்கின்றன என்று பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். தண்டவாளங்களைக் குறுக்கே நேராகக் கடந்து பழகுங்கள், சாய்ந்து கடந்தால் சக்கரம் வழுக்கும். வீட்டுக்கு வந்ததும் வலது காலின் உள்பக்கத்தைப் பாருங்கள். கறுப்பு ஏதாவது தெரிந்தால் செயினை இன்னொருமுறை துடைத்துவிட்டு, செவ்வாய்க்கிழமை கிளம்புங்கள். திங்கட்கிழமை வேண்டாம், அன்று சாலையில் நெரிசல் அதிகம், உங்களுக்கும் அவசரம் அதிகம்.